தபசு மரமும் எலுமிச்சம்பழமும்

நமது வகுப்பில் முதுகலை பயிலும் மாணவர் இருவர் சில வாரங்களாக ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தனர். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இருவர் வீட்டிலும் தறி உண்டு. பங்காளிச் சண்டையோ என அஞ்சி விசாரித்தபோது, காரணம் ஓர் எலுமிச்சம்பழம் என்று தெரியவந்தது.

அது உண்பதற்குரிய பழமன்று. அயர்லாந்து நாட்டின் யூ டூ என்னும் ராக் இசைக்குழு 1997-இல் 'பாப்மார்ட்' என்ற பெயரில் உலகச் சுற்றுப்பயணம் செய்தது. அப்போது நாற்பது அடி உயரத்தில், கண்ணாடிச் சில்லுகள் பதித்த ஓர் இயந்திர எலுமிச்சம்பழத்தையும் ஊர் ஊராகக் கொண்டு சென்றது. நிகழ்ச்சியின் பிற்பகுதியில் அப்பழம் பிளந்து திறக்க, உள்ளிருந்து பாடகர்கள் இறங்கி வருவார்கள். ஆஸ்லோ நகரில் ஓர் இரவு அது முழுமையாகத் திறக்க மறுத்துவிட்டது. அகப்பட்டுக்கொண்ட நால்வரும் பின்பக்க வழியாக வெளியேற நேர்ந்தது. இந்தக் காட்சியைச் சொல்லி மாணவருள் ஒருவர் நகைத்திருக்கிறார். 'பாட்டு வராதவனுக்குத்தான் பழம் வேண்டும்' என்பது அவர் கட்சி. மற்றவருடைய அண்ணன் 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் குழுவின் நிகழ்ச்சியை நேரில் கண்டவர். அக்குழுவின் மேடைகளில் எட்டி என்னும் பேருருவப் பிணப்பொம்மை நடந்து வருவது வழக்கம். 'வெறும் பாட்டுத்தான் வேண்டுமென்றால் வீட்டில் படுத்துக்கொண்டு கேட்கலாமே, பேருந்து ஏறி ஏன் போக வேண்டும்' என்பது இவர் கட்சி.

நமக்குச் சிரிப்பு வந்தது. ராக் இசையில் நமக்குப் பயிற்சி இல்லை. ஆனால் இந்த வழக்கு நமக்கு நன்கு பழக்கமானது. ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதியம்மன் திருவிழாவுக்குக் கூத்து ஏற்பாடு செய்யும்போதெல்லாம் இதே வழக்கு வேறு பெயர்களில் எழும். நாடகக் கம்பெனிகளின் காலத்திலும் எழுந்தது. அதற்கும் முன்னே போனால் யவனத்துக்கே போய்ச் சேரலாம். ஆகவே மாணவர்களைச் சமாதானப்படுத்தும் பொருட்டு அன்று பேசியவற்றையும், பின்னர் நமக்குத் தோன்றியவற்றையும் இங்கே தொகுத்து எழுதுகிறோம்.

நம் இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன் முதலியோரின் இலக்கணத்தைச் சொல்வதோடு நில்லாது, அரங்கின் அளவையும் சொல்கிறது. இருபத்து நான்கு பெருவிரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்குகளை எங்கே நிறுத்துவது என்பதுகூட அங்கே கருதப்பட்டிருக்கிறது. பிறகு மூன்று வகை எழினிகள் வருகின்றன. ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது. பொருமுக எழினி இருபுறத்திலிருந்தும் வந்து பொருந்துவது. மூன்றாவதாகிய கரந்துவரல் எழினி மேலே கண்ணுக்குத் தெரியாமல் சுருண்டிருந்து, வேண்டும்போது இறங்கி வருவது. கயிறு எங்கே, கப்பி எங்கே என்று தெரியக் கூடாது என்பதே அந்த மூன்றாம் எழினியின் இலக்கணம். மறைத்து வைத்து வியக்கவைக்கும் தந்திரத்துக்கு இளங்கோவடிகளின் அரங்கிலேயே இடம் இருந்தது என்று இதனைக் கொள்வதில் தவறில்லை. 1892-இல் உ.வே.சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு இந்நூலைப் பதிப்பித்தபோது சென்னையில் பார்சி நாடகங்களின் வண்ணத் திரைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம்.

யவனரிடம் கயிற்றை மறைக்கும் அளவுக்குப் பொறுமை இல்லை. அவர்களுடைய அரங்கில் பாரந்தூக்கி ஒன்று இருந்தது. தெய்வங்களும் வீரர்களும் அதில் தொங்கிக்கொண்டு வானத்தில் வருவார்கள். யூரிப்பிடிஸ் தம் வீரனைச் சிறகுக் குதிரையின்மீது ஏற்றி விண்ணுக்கு அனுப்பினார். அதைக் கேலி செய்ய அரிஸ்டோஃபனிஸ், கி.மு. 421-இல் மேடையேறிய 'அமைதி' என்னும் நகைச்சுவை நாடகத்தில், ஒரு கிழட்டு உழவனைச் சாணி வண்டின்மீது ஏற்றி அனுப்பினார். நடுவானில் அந்த உழவனுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. பாத்திரத்தை மறந்து, பாரந்தூக்கியை இயக்குபவனைப் பார்த்துக் கவனமாக இருக்கும்படி கெஞ்சத் தொடங்குகிறான். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த நகைச்சுவை நமக்கு இன்றும் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. மேலே தொங்குகிறவன் ஒரு மனிதன், அவன் உயிர் கீழே நிற்கும் இன்னொருவன் கையில் இருக்கிறது என்பதைக் கூட்டத்துக்கு நினைவூட்டிய நகைச்சுவை அது.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குள் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் நாடகத்தின் உறுப்புகளை வகுத்தபோது, காட்சிக்குக் கடைசி வரிசையில் இடம் ஒதுக்கினார். அது கவிஞனின் கலையைவிட மேடைப்பொருள் செய்பவனின் கலையைச் சார்ந்தது என்றார். இங்கிலாந்தில் பென் ஜான்சனுக்கும் அரண்மனைக் காட்சியமைப்பாளர் இனிகோ ஜோன்சுக்கும் 1631-இல் மூண்ட சண்டையும் இதுவேதான். பலகையும் வண்ணமும் கவிதையை விழுங்கிவிட்டன என்று ஜான்சன் சீறினார். ஆனால் அரசவை ஜோன்சைத்தான் வைத்துக்கொண்டது. கவிஞர்களாகிய நம் இனம் இந்த வழக்கில் பெரும்பாலும் தோற்றே வந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஊர் ஊராகச் சுற்றிய பார்சி கம்பெனிகள், வரைந்த திரைகளையும் பறக்கும் பொறிகளையும் மேடைத்தளத்தில் திடீரெனத் திறக்கும் கதவுகளையும் நமக்கு அறிமுகம் செய்தன. இதைத் தமிழில் தனதாக்கிக்கொண்டவர்களில் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் கன்னையா. அவர் கம்பெனியின் 'தசாவதாரம்' காட்சிச் சிறப்புக்காகவே மக்கள் திரண்டு வந்து பார்த்த நாடகம். ஆனால் அதே நாடகத்தில்தான் எஸ்.ஜி. கிட்டப்பா மோகினியாக வந்து பாடினார். ஒலிபெருக்கி வராத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை சென்ற குரல் அது. திருமால் வந்து இறங்கும் காட்சியைப் பார்க்க வந்தவர்களும், கிட்டப்பாவின் குரலைக் கேட்க வந்தவர்களும் அக்கம்பக்கமாக ஒரே பாயில் அமர்ந்திருந்தார்கள். நம் மாணவர் இருவரும் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அவர்களுடைய கட்சிகள் இரண்டும் ஒரே கொட்டகையில் கூடியிருந்தன. கிட்டப்பா 1933-இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்தார். அந்தக் குரலை இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கலாம். கன்னையாவின் காட்சிகளைக் காண எந்த வழியும் இல்லை.

அடுத்து நவாப் இராஜமாணிக்கம் பிள்ளை. பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாபாக நடித்ததால் வந்த பெயர் அது, பெயரே வேடமாகிவிட்டது. அவருடைய மதுரை தேவி பால விநோத சங்கீத சபை சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட பாய்ஸ் கம்பெனி. எம்.என். நம்பியார் அங்கே வளர்ந்தவர். இராமாயணம், தசாவதாரம், ஏசுநாதர், ஐயப்பன் என எந்தச் சமயத்துக் கதையாயினும் தந்திரக் காட்சிகளுக்கு அங்கே குறைவில்லை. தமிழ்நாட்டில் ஐயப்ப வழிபாடு பரவியதில் அவருடைய ஐயப்பன் நாடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. திரையும் பலகையும் சேர்ந்து காட்டிய ஒரு மலையைப் பார்த்துவிட்டு, உண்மையான மலைக்கு விரதமிருந்து போனவர்கள் உண்டு என்றால், அம்மலையை வெறும் வித்தை என்று தள்ளிவிட முடியுமா? பின்னாளில் நம்பியார் மகாகுருசாமியாக அறியப்பட்டதையும் இதோடு சேர்த்தே நினைக்கத் தோன்றுகிறது.

இந்தத் திரைகளை எழுதியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. தப்பிப் பிழைத்த ஒரு பெயர் சி. கொண்டையராஜு. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிய அவர், பின்பு கோவில்பட்டியில் நிலைகொண்டு, தம் சீடர்களோடு தமிழகம் முழுவதற்கும் நாட்காட்டித் தெய்வங்களை எழுதிக் கொடுத்தார். மேடையில் இராமனுக்குப் பின்னால் நின்ற மாளிகைத் தூண்களும் மலையருவியும் நம் வீட்டு நடையில் ஆணியில் தொங்கிய முருகனுக்குப் பின்னால் வந்து நின்றன. நாடகக் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்காத நம் பாட்டியார், தம் வாழ்நாள் முழுவதும் கம்பெனி நாடகத்தின் திரைக்கு முன்னால்தான் விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறார்.

1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வந்தது. பேசும்படம் கம்பெனி நாடகத்தை வீழ்த்திய கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதை விரிக்க வேண்டியதில்லை. நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே. காட்சியைக் காட்டி வாழ்ந்தவர்களைக் காட்சியில் சிறந்த இன்னொன்று வந்து வெல்வது மிக எளிது. 1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தில், கடோத்கசனாக வந்த எஸ்.வி. ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமே பறந்து போய் விழுந்ததைப் பார்த்த பிறகு, மேடையில் கம்பியில் ஆடியபடி இறங்கும் கருடனை வியக்க யாருக்கு மனம் வரும்?

ஆயினும் ஒருவர் வியக்கவைத்துக்கொண்டே இருந்தார். ஆர்.எஸ். மனோகர் திரைப்படத்தில் வில்லனாக நடித்துப் பொருளீட்டி, அதை மேடையில் கொட்டியவர். 1954-இல் அவர் தொடங்கிய நேஷனல் தியேட்டர்ஸ் 'இலங்கேஸ்வரன்', 'சாணக்கிய சபதம்', 'சூரபத்மன்' எனப் பல நாடகங்களைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது. இராவணனைச் சீதையின் தந்தையாகக் காட்டிய 'இலங்கேஸ்வரன்' எதிர்ப்பையும் கடந்து ஆயிரம் முறைக்கு மேல் மேடையேறியது. 2006 சனவரியில் மறையும்வரை, புராண நாடகம் என்றால் மனோகர், மனோகர் என்றால் தந்திரக் காட்சி என்பதே தமிழர் மனத்தில் பதிந்திருந்த சமன்பாடு. நவீன நாடகம் பயின்ற நம் நண்பர்கள் அவர் பெயரைச் சொன்னாலே உதட்டைச் சுழிப்பார்கள். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு சுழித்ததுண்டு. இளமையில் வரும் நோய்களுள் அதுவும் ஒன்று.

நமக்குப் பத்து வயது இருக்கும். தந்தையார் சென்னைப் பொருட்காட்சிக்கு அழைத்துச் சென்று மனோகரின் நாடகம் ஒன்றைக் காட்டினார். மேடையின் இரு புறத்திலிருந்தும் அம்புகள் பறந்து வந்து நடுவில் மோதின, தீப்பொறி சிதறியது. நாம் இருக்கையைவிட்டு எழுந்து நின்றுவிட்டோம். தந்தையார் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு மேடையின் மேல்மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'கம்பி எங்கிருந்து எங்க போவுது பாத்தியா?' என்று காதருகே கேட்டார். நமக்குக் கோபம் வந்தது. அம்பைப் பார்க்காமல் கம்பியைப் பார்க்கும் மனிதரோடு ஏன் வந்தோம் என்று தோன்றியது.

அவர் நெசவாளர். எங்கள் தறியின்மேல் ஜக்கார்டு பெட்டி இருந்தது. துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோத்துத் தொங்கும். மிதியை மிதிக்கும்போது ஓர் அட்டை நகர்ந்து வந்து நிற்கும். துளை உள்ள இடத்து இழை எழும், துளை இல்லாத இடத்து இழை எழாது. அவ்வாறு எழுந்த இழைகளுக்கிடையே நாடா ஓடி ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மயில் வெளிப்படும். பெட்டியைத் திறந்து பார்த்து ஊசிகளையும் கொக்கிகளையும் அறிந்துகொண்ட பிறகும் அந்த மயில் மயிலாகவே இருந்தது. அதனால் போலும், கம்பியைக் கண்டுபிடித்ததில் தந்தையாருக்கு நாடகம் குறைந்துவிடவில்லை. திரும்பி வரும் பேருந்தில் அந்தக் கம்பியை இழுத்துக் கட்டியவனின் சாமர்த்தியத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மனோகரின் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

(ஆரணிக்காரர்களுக்குத் திடுக்கிடும் திருப்பங்களில் ஒரு விருப்பம் உண்டு என்பதற்கு இலக்கியச் சான்றும் காட்டலாம். மேலைநாட்டு மர்மக் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்த, 'ஆனந்தபோதினி' ஆசிரியர் குப்புசாமி முதலியார் தம் பெயருக்கு முன்னால் நம் ஊரைத்தான் சுமந்திருந்தார். பட்டும் அரிசியும் தவிர வேறொன்றும் ஊர்ப்பெயரைச் சுமக்கவில்லை என்று எண்ணுவோர்க்காக இதைச் சொன்னோம்.)

இனிக் கூத்து. செய்யாற்றுக்கு அருகே இருக்கும் புரிசையை நாடகம் அறிந்தவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நா. முத்துசாமி புரிசைக் கூத்தைக் கண்டு அதிலிருந்து தம் நாடகச் சிந்தனையைப் பெருக்கிக்கொண்டார்; 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அதன்பின் படித்தவர்கள் கூத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்றை அழுத்திச் சொல்வது வழக்கமாயிற்று. கூத்தில் காட்சியமைப்பு இல்லை, ஒரு விசுப்பலகையே சிம்மாசனமும் தேரும் மலையும் ஆகும், இருவர் பிடிக்கும் துணித்திரைக்குப் பின்னிருந்து காலும் கிரீடமும் மட்டும் தெரிய வேடம் பாடிக்கொண்டு வருவதே போதும் என்பார்கள். உண்மைதான். அந்தத் திரையைக் காணும்போதெல்லாம் நமக்கு எழினியின் நினைவு வரும். எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் விளக்கொளியில் மின்னும்போது, யூ டூவின் எலுமிச்சம்பழத்தை இழைத்தவனும் இதே கண்ணாடிச் சில்லைத்தானே நாடினான் என்று தோன்றும்.

ஆனால் கூத்து எளிமையின் கலை என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள் இரவில் வந்து இரவிலேயே போய்விடுகிறவர்கள். திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் பல நாட்கள் நடக்கும். அவற்றுக்கு இடையே, பட்டப்பகலில், எந்த ராக் குழுவும் வெட்கப்படத்தக்க அளவில் இரண்டு பெரும்பொருள்கள் ஊர்நடுவே எழும்.

ஒன்று தபசு மரம். பாசுபதம் வேண்டி அருச்சுனன் கயிலையில் தவம் செய்ததைக் காட்ட, ஓங்கிய பனைமரத் தண்டு ஒன்றை நட்டு, அதில் படிக்கட்டைகள் அடித்து, உச்சியில் சிறு பரண் அமைப்பார்கள். ஐம்பது அறுபது அடி உயரம் இருப்பதும் உண்டு. அருச்சுன வேடம் பூண்டவர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாடலாகப் பாடி ஏறுவார். கட்டிக்கொள்ளக் கயிறு இல்லை; கீழே விரித்த வலையும் இல்லை. உச்சியை அடைந்ததும் திருநீறும் பூவும் எலுமிச்சம்பழமும் கீழே எறிவார். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் ஈரத்துணியோடு மரத்தடியில் காத்திருந்து முந்தானையில் ஏந்துவார்கள்.

மற்றொன்று படுகளம். கடைசி நாளில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாந்து படுக்கவைப்பார்கள். முப்பது நாற்பது அடி நீளம் என்பது சாதாரணம். மீசையும் கண்ணும் வண்ணத்தில் எழுதப்படும். தொடையில் ஒரு கலயத்தில் சிவப்புநீர் புதைக்கப்பட்டிருக்கும். பீம வேடமும் துரியோதன வேடமும் அந்த மண்ணுடலைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் பொருது, கடைசியில் தொடையில் அடி விழும். கலயம் உடையும். அந்தச் சிவப்பைத் தொட்டுத்தான் திரௌபதியின் விரிந்த கூந்தல் முடிக்கப்படும். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் இவ்வழிபாடு பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்டு, செஞ்சி வட்டாரத்தை நடுவாகக் கொண்டு இவற்றையெல்லாம் விரிவாகப் பதிந்திருக்கிறார். விழா முடிந்ததும் பெண்கள் துரியோதனன் உடலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போவார்கள். நெற்குதிரில் போட்டு வைத்தால் குறைவு வராது என்பது நம்பிக்கை.

அந்தக் கலயம் அங்கே இருப்பது எல்லாருக்கும் தெரியும். பல ஊர்களில் அதைப் புதைப்பதைச் சிறுவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்; நாமும் பார்த்திருக்கிறோம். ஒருமுறை அடி விழுந்தும் கலயம் உடையவில்லை. பீமன் மறுபடி அடித்தார், மறுபடியும் அடித்தார். அருகில் நின்ற முதியவர் ஒருவர் காலால் ஒரு மிதி மிதித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆஸ்லோவில் பழம் திறக்காதபோது உலகம் சிரித்தது. இங்கே கலயம் உடையாதபோது யாரோ ஒருவர் கால் கொடுத்தார். பழம் பார்வையாளருடையது அன்று. நுழைவுச்சீட்டு வாங்கியவனுக்கு அதில் வியப்பு மட்டுமே பங்கு. வியப்பு கைவிட்டால் அவன் கையில் மிஞ்சுவது சிரிப்பு. துரியோதனனுக்கு மண் சுமந்தது ஊர். அவன் ஊரின் செலவு, ஊரின் வேலை, ஊரின் பகைவன்.

இதைச் சொன்னபோது பழக்கட்சி மாணவர் விடவில்லை. 'ஐயா, அப்படியானால் காசு கொடுத்துப் பார்க்கிற எதிலும் பொருள் இருக்க முடியாதா' என்று கேட்டார். நல்ல கேள்வி. பிங்க் ஃப்ளாய்ட் குழுவை அவரே எடுத்துக்காட்டினார். 1976 டிசம்பரில் அக்குழு ஓர் இசைத்தட்டின் அட்டைப்படத்துக்காக இலண்டனில் ஒரு மின்நிலையத்தின்மேல் காற்றடைத்த பெரும் பன்றியைப் பறக்கவிட, அது கயிற்றை அறுத்துக்கொண்டு விமானப் பாதையில் புகுந்து, கடைசியில் கென்ட் பகுதியில் ஒரு பண்ணையில் இறங்கியது. அது வேடிக்கை. ஆனால் அடுத்த ஆண்டு மான்ட்ரியலில் ரோஜர் வாட்டர்ஸ், கூச்சலிட்டுக்கொண்டிருந்த ரசிகர் ஒருவர்மீது காறி உமிழ்ந்தார். தமக்கும் கூட்டத்துக்கும் இடையே சுவர் எழுந்துவிட்டது என்று அப்போது அவருக்குத் தோன்றிய எண்ணமே, 1980-இல் அட்டைச் செங்கற்களாலான ஒரு பெருஞ்சுவராக மேடையில் எழுந்தது. பாடகர்கள் பாடப்பாடச் சுவர் உயர்ந்து அவர்களை மறைத்துவிடும். முடிவில் இடிந்து விழும். பத்தாண்டு கழித்து, 1990 சூலையில், உண்மையான சுவர் விழுந்த பெர்லினிலேயே அதைக் கட்டி இடித்தார்கள். இதைக் கேட்டபின் நாம் நம் கட்சியைத் திருத்திக்கொண்டோம். அந்த அட்டைச் சுவர் பாட்டுக்கு மேல் ஒட்டவைத்த அலங்காரம் அன்று. ஒரு மனிதர் தாம் செய்த இழிசெயலைத் தம் கூட்டத்தின் முன்னாலேயே அடுக்கிக் காட்டியது. அதைத் துரியோதனனோடு ஒரு வரிசையில் வைக்க நமக்குத் தடையில்லை.

எதிர்க்கட்சி மாணவருக்கு அன்று 'ஸ்பைனல் டாப்' என்ற 1984-ஆம் ஆண்டுக் கேலிப்படம் உதவியது. பதினெட்டு அடி உயரத்தில் பழங்கற்றூண் செய்யச் சொல்லி, அடிக்குரிய குறிக்குப் பதிலாக அங்குலக் குறியைப் போட்டுவிட, பதினெட்டு அங்குலக் கல் மேடைக்கு வந்து இறங்கும் காட்சி அதில் உண்டு. 1983-இல் பிளாக் சப்பாத் குழு இதற்கு நேர்மாறாக, அரங்கினுள் நுழையாத அளவுக்குப் பெரிய கற்களைச் செய்துகொண்டு திண்டாடியதும் உண்மை நிகழ்ச்சி. கோல் அளவு பிசகினால் என்னாகும் என்பதற்கு அரங்கேற்று காதை வகுப்பில் இனி இதைத்தான் சொல்வதாக இருக்கிறோம்.

இவையெல்லாம் பேச்சு. சில ஆண்டுகளுக்கு முன் ஆரணிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நடந்த விழாக்குழுக் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். நம் துணைவியாரின் ஊர் ஆதலால் மாப்பிள்ளை என்ற முறையில் திண்ணையில் நமக்கும் இடம் கிடைத்தது. பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் பணம் திரட்டி வந்திருந்தார்கள். தபசு நாளன்று புகை இயந்திரமும் வண்ண விளக்கும் வைக்கலாம் என்றார்கள். பனைமரத்துக்குப் பதிலாக இரும்புக் கோபுரம் எழுப்பி, மோட்டாரில் ஏறும் கூண்டில் அருச்சுனனை அனுப்பலாம் என்றார் ஒருவர். பெரியவர்கள் கொதித்தார்கள். 'அது தபசா, லிஃப்டா?' என்று ஒரு குரல். 'போன வருஷம் மரம் ஆடினப்ப ஒங்க நெஞ்சு ஆடலையா?' என்று பதில் குரல். நாமும் உள்ளுக்குள் பெரியவர்கள் பக்கமே இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. எழினி, முத்துசாமி, புரிசை என்று ஒரு சொற்பொழிவே நாவின் நுனியில் இருந்தது.

ஏற வேண்டியவர் தூணோரம் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். முப்பது ஆண்டுகளாக அருச்சுன வேடம் கட்டுபவர். வெகுநேரம் கழித்துத்தான் யாரோ அவரைக் கேட்டார்கள்.

'நீ என்னா வாத்தியாரே சொல்ற?'

அவர் எழுந்து போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார்.

'கூண்டுல போனா பாட்டு எந்தப் படிக்குப் பாடறது? மரமே இருக்கட்டும். ஆனா படிக்கட்டைய ரெண்டு சாணுக்கு ஒண்ணா அடிக்கிறீங்க. எனக்கு முட்டி போயிடிச்சி. ஒன்றரைச் சாணுக்கு ஒண்ணா அடிங்க. பொக வேணும்னா வைங்க, கீழயே வைங்க. மேல வந்தா கட்ட தெரியாது.'

திண்ணையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. நம் சொற்பொழிவை நாமே விழுங்கிக்கொண்டோம். அரிஸ்டோஃபனிஸின் உழவன் வண்டின்மேலிருந்து கெஞ்சியதும் இவ்வளவுதான். இரண்டு கட்சிக்காரர்களும் மரத்தைப் பற்றிப் பேசினார்கள். முட்டியைப் பற்றி எவரும் பேசவில்லை. படிக்கட்டைகள் கூடுதலாக அடிப்பது என்று முடிவாயிற்று. உச்சிப் பரணில் இடுப்புக்கு ஒரு கயிறு கட்டுவது என்பதையும் இளைஞர்கள் சேர்த்துக்கொண்டார்கள். வெளியே தெரியாமல் வேட்டிக்குள் கட்டவேண்டும் என்று பெரியவர்கள் ஒரு திருத்தம் போட்டார்கள்.

தபசு நாளன்று புகை இயந்திரமும் வந்தது. மேல்காற்று அடித்ததில் புகை முழுவதும் மேளக்காரர்கள் பக்கம் போயிற்று. முகவீணைக்காரர் இருமி இருமி இரண்டு அடிகளை விட்டுவிட்டார். ஆர்மோனியக்காரர் இட்டு நிரப்பினார். மரத்தின் கட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. வாத்தியார் முன்னைவிட அதிகப் படிகள் இருந்ததால் சில பாடல்களை இரண்டு படிக்கு நீட்டிப் பாடி ஏறினார். உச்சியில் வலக்கை இடுப்புக்குப் போய் ஏதோ ஒன்றைச் சரிபார்த்தது, கீழிருந்தே தெரிந்தது. பிறகு மடியிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து, நான்கு திசையிலும் ஒவ்வொன்றாக எறியத் தொடங்கினார்.